லுணுகலை பாரில் இராக்கம்மாவின் நாற்காலி

லுணுகலை பஸ் நிலையத்துக்கு எதிரே, பலசரக்குக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒரு பார் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே மங்கலான வெளிச்சம், வாசலில் சிமெந்துப் படிகள். இராக்கம்மா தன் கல்யாண வாழ்க்கையின் முதல் பாதியை அந்தப் படிகளுக்குக் கீழே, தெருவோரத்தில் நின்றே கழித்தாள் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகைதான். ஆனால் அவளிடம் கேட்டால், "கொறைச்சுச் சொல்றீங்க" என்பாள்.

சம்பளச் சனிக்கிழமை வந்தால் போதும். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பஸ் ஏறி வருவாள். அவள் புருஷன் தம்பையா அதற்கு முன்பே உள்ளே உட்கார்ந்திருப்பான். அவனுக்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. நல்ல வேலைக்காரன், வாயில் கெட்ட வார்த்தை வராதவன், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாய்ப் போய் நிற்பவன். சனிக்கிழமை மட்டும் அந்தக் கண்ணாடிக் கதவு அவனை விழுங்கிவிடும்.

கதவைத் தட்டினால் மேனேஜர் கிருஷ்ணராஜ் ஒரு விரற்கடை திறந்து எட்டிப் பார்ப்பான். அவன் முரடனில்லை. பணிவாகத்தான் பேசுவான். அந்தப் பணிவுதான் இராக்கம்மாவுக்கு உச்சி வரைக்கும் ஏறும்.

"பொம்பளைங்க உள்ள வர்ற வழக்கம் இல்லக்கா. அங்கேயே நில்லுங்க, சொல்லி விடுறேன்."

அவன் சொல்லி விடுவான். தம்பையா வர மாட்டான். அதன் பிறகு அவளே குரல் எடுப்பாள். மலைச் சரிவில் நின்று எதிர்மலைக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

"ஏங்க, வெளிய வாங்க!"

பஸ் நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பதுளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கள்கூட ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். இராக்கம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். வெட்கப்பட வேண்டியவன் உள்ளே நாற்காலியில் சாய்ந்திருக்க, தான் ஏன் வெட்கப்படுகிறோம் என்ற கேள்வி மட்டும் அவளுக்கு விடாமல் வந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு மழைநாளில்தான் அவள் அந்த வார்த்தையை விட்டாள். கதவு திறந்திருந்தது. உள்ளே ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாய் இருந்ததும் தெரிந்தது. "ஒரு நாளைக்கு இந்தப் படியேறி வருவேன். அந்த ஜன்னலோர நாக்காலியில உக்காருவேன். நீங்களே கிளாஸ் கொண்டாந்து வைப்பீங்க, பாருங்க," என்றாள்.

கிருஷ்ணராஜ் சிரித்தான். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து தம்பையாவும் சிரித்தான். மற்றவர்களின் சிரிப்பை அவள் பஸ் வருவதற்குள் மறந்துவிட்டாள். அவனுடைய சிரிப்பை மறக்கவில்லை, அதைப் பற்றி அவனிடம் ஒரு நாளும் பேசவுமில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் வேறொன்று செய்தாள். வேறு பெண்களாயிருந்தால் அவன் கொண்டுவந்த போத்தலைப் பிடுங்கிச் சாக்கடைக் கானில் ஊற்றியிருப்பார்கள். இராக்கம்மா ஒரு கிளாஸை எடுத்து அவன் முன்னால் வைத்து, "எனக்கும் ஊத்துங்க" என்றாள். தம்பையாவுக்குப் போதை பாதி இறங்கிவிட்டது.

"உனக்கு எதுக்குடி இது?"

"என்னைய விடப் பெருசா இதுக்குள்ள என்னா இருக்குன்னு பாக்கணும்."

பார்த்தாள். ஒரு மிடறு உள்ளே போனதும் கண்ணில் தண்ணீர் வந்தது, காதுக்குள் சுட்டது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னது சமையல்காரியின் தீர்ப்பு. "இந்தக் கருமத்துக்கா இவ்வளவு தூரம் போறீங்க? இது வேகவே இல்லயே. உப்பு ஒறைப்பு ஒன்னும் சேராம பச்சையாக் கெடக்கு."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இராக்கம்மாவின் கைப்பக்குவத்துக்கு ஒரு பேர் உண்டு. மற்றவர்கள் தூக்கிப் போடும் முற்றிய பலாக்கொட்டையில் அவள் குழம்பு வைத்தால் அடுத்த காம்பரா வீட்டுக்காரர்கள் சட்டியோடு வந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவளின் கையில் சாராயம் சிக்கியது. இஞ்சியைத் தட்டிப் போட்டுக் காய்ச்சினாள். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் நாரத்தை மரத்தின் தோலைச் சீவிக் கித்துள் பனையின் இனிப்புப் பாணியில் ஊறப் போட்டாள். மாதாமாதம் தோட்டத்தில் கொடுக்கும் தேயிலையில் கறுக்கக் கறுக்கச் சாயம் இறக்கி ஆற வைத்தாள். எல்லாவற்றையும் மகள் மதுஷாவின் பழைய பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கி, கோயில் உடுக்கையைப் போலக் குலுக்கினாள். மதுஷா இப்போது தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். அந்தப் போத்தலில் ஒட்டிய பூனைக்குட்டிப் படம் இன்னும் உரியவில்லை.

தம்பையா குடித்துப் பார்த்தான். கிளாஸை மறுபடி நீட்டினான்.

"அப்ப ஒரு பேச்சு," என்றாள் இராக்கம்மா. "குடிக்கிறதுன்னா இங்கதான். எங்கூட உக்காந்துதான். மொதக் கிளாஸ் எனக்கு. அளவு நான் வைக்கிறதுதான்."

அளவுக்கு அவள் வைத்த பெயர் அரைப்பேர். மலையில் அரை நாள் வேலை செய்தவருக்குச் செக்ரோல் பேரேட்டில் அரைப்பேர் போடுவார்கள். அதே கணக்குத்தான் இவளிடமும். முழுப்பேர் கேட்கிறவனுக்கு, "முழுநாள் என்னா வேல செஞ்சு கிழிச்சீங்க?" என்று பதில் வரும். போத்தல் மூடியில் ஒரு மூடி, அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட விழாது. தம்பையா சில சனிக்கிழமைகள் முரண்டு பிடித்து லுணுகலைப் பாரின் படியேறிப் பார்த்தான். ஆனால் நாரத்தையும் இஞ்சியும் பழகிய நாக்குக்கு அங்கே கொடுத்தது பிடிக்கவில்லை. அவள் கூப்பிடாமலே பஸ் ஏறி வந்துவிட்டான். அவளுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

அதற்குப் பிறகு அவர்களுக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தது. மற்றவர்கள் கதிர்காமம் போவார்கள், நுவரெலியாவில் பூப் பார்ப்பார்கள். இவர்கள் பார் பார்க்கப் போனார்கள். தீபாவளி போனஸ் வந்தால் பண்டாரவளை, கல்யாண நாளுக்கு ஹப்புத்தளை, மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்துக்கு எல்ல. ஹோட்டல் பார்களில் பெண்கள் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இராக்கம்மா திருவிழாச் சேலையை எடுத்துக் கட்டுவாள். கொழுந்துக் கறை படிந்த விரல்களை மட்டும் மறைக்க மாட்டாள்.

எல்லயில் நடந்த கூத்தைத் தம்பையா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். வெள்ளைக்காரர்கள் நிறைந்த ஒரு மொட்டைமாடி பார். வெயிட்டர் இவர்களைக் கண்டதும் பழச்சாறு அட்டையை நீட்டினான். "அது வேணாங்க, கொக்டெய்ல் அட்டையைக் கொண்டாங்க," என்றாள் இராக்கம்மா. வந்த கிளாஸின் விளிம்பில் அன்னாசித் துண்டும் குட்டிக் குடையும் இருந்தன. அவள் வழக்கப்படி விரல் நுனியை உள்ளே தொட்டு முதல் சொட்டைத் தரையில் தெறித்தாள். தோட்டத்தில் யார் குடித்தாலும் முதல் சொட்டு முனியாண்டிக்குத்தான். தோட்டத்து எல்லையில் மழையிலும் வெயிலிலும் நிற்கிற சாமி, அவருக்குக் கொடுக்காமல் தொண்டையில் இறங்காது.

வெயிட்டர் பதறிப்போனான். கிளாஸில் பூச்சி விழுந்ததாக நினைத்து, ஆயிரம் மன்னிப்புக் கேட்டு, அதை எடுத்துக்கொண்டு போய்ப் புதிது கொண்டுவந்தான். புதிதிலும் இராக்கம்மா விரல் வைத்துத் தெறித்தாள். அதையும் எடுத்துக்கொண்டு ஓடினான். கடைசியில் தம்பையாதான் கையைப் பிடித்து நிறுத்தி, "பூச்சி இல்லீங்க, முனியாண்டி," என்றான். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த அந்த மனிதன் கவுன்டரில் போய், முனியாண்டி என்றால் எந்த மாதிரிப் பூச்சி என்று விசாரித்தானாம்.

குடித்து முடித்ததும் இராக்கம்மா தன் தீர்ப்பைச் சொன்னாள். "பாதி கிளாஸ் ஐஸு. மீதி கிளாஸ் பேரு." ஆனால் அன்னாசியைச் சுட்டுப் போட்டிருந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவள் அடுப்பில் அன்னாசி வாட்டும் வாசம் லயம் முழுக்க அடித்தது.

இப்படியாக அவளுடைய முன்காம்பராவுக்கு ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் மட்டும், ஜோடி ஜோடியாக. காசு வாங்குவதில்லை. காசு வாங்கினால் கலால்காரர்கள் வருவார்கள், அது ஒன்று. விருந்தாளியிடம் காசு வாங்குவது கேவலம், அது இன்னொன்று. வருகிறவர்கள் தேசிக்காயோ இஞ்சியோ சோடாவோ கொண்டுவருவார்கள். பெண்களுக்கு நாற்காலி, ஆண்களுக்குப் பாய். பெண்டாட்டி கிளாஸ் வாங்கி ஒரு வாய் குடித்த பிறகுதான் புருஷன் கைக்கு வரும். குடிக்காத பெண்களுக்குச் சாராயம் சேராத இஞ்சித் தண்ணீர், அதற்கும் அதே நல்ல கிளாஸ். எல்லாவற்றிலும் உசத்தியான கலவைக்குப் பெரட்டு என்று பேர் வைத்தாள். விடியற்காலையில் எல்லோரும் வரிசையில் வந்து நின்று வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களம் மாதிரி, சாராயமும் இஞ்சியும் நாரத்தையும் சாயமும் அதில் ஒன்றை ஒன்று தள்ளாமல் நிற்குமாம்.

தோட்டத்து ஆண்கள் குடியை விட்டுவிட்டார்கள் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த லயத்திலிருந்து லுணுகலைப் பாருக்குப் போகும் கூட்டம் மெலிந்துவிட்டது. அது கிருஷ்ணராஜின் கண்ணில் படாமல் போகுமா?

ஒரு சனிக்கிழமை தூறலில் அவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட, இஸ்தோப்புத் திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டு, "இங்க கசிப்பு ஓடுதுன்னு பேச்சு அடிபடுது, அதான் பாக்கலாம்னு வந்தேன்," என்றான். கள்ளச்சாராயம் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே எல்லோர் முகமும் வெளுத்தது. இராக்கம்மா மட்டும் அசையவில்லை. கையிலிருந்த கிளாஸை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

கிருஷ்ணராஜ் மோந்தான். கசிப்பு நாற்றம் அறியாதவனா அவன்? முகம் மாறியது. மறுபடி மோந்தான். எச்சிலை விழுங்கினான். "எனக்கும் ஒன்னு ஊத்துங்கக்கா," என்று படியில் கால் வைத்தான்.

இராக்கம்மா கையைக் குறுக்கே நீட்டினாள். அந்த நிமிஷத்துக்காக அவள் திட்டம் போட்டிருக்கவில்லை. அவள் வீட்டுச் சட்டமே அதுதான். ஆனால் வாயில் வந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"வீட்டுக்காரம்மா இல்லாம ஆம்பளைங்க உள்ள வர்ற வழக்கம் இல்ல தம்பி. அங்கேயே நில்லுங்க."

உள்ளே ஒரே சிரிப்பு. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். தம்பையா மட்டும் சிரிக்கவில்லை. தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். இராக்கம்மா அதைக் கவனித்தாள்.

கிருஷ்ணராஜுக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் ரோஷத்தை விட அந்த வாசம் பெரிதாய் இருந்தது போலும். அடுத்த வாரம் மனைவியோடு வந்தான். தயானி ஒல்லியான, அமைதியான பெண். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இராக்கம்மா முதல் கிளாஸை அவள் கையில் கொடுத்தாள். கிருஷ்ணராஜ் பாயில் சம்மணம் போட்டுக் காத்திருந்தான்.

தயானி ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள். இன்னொரு வாய்.

"நல்லா இருக்குங்களா?" என்றாள் இராக்கம்மா. "உங்க வீட்டுக்காரர் கடையில இத விட நல்லதா வச்சிருப்பாரு."

"எனக்கு எப்பிடிங்க தெரியும்? நான் அந்தக் கடைக்குள்ள போனதே இல்லயே," என்றாள் தயானி. "கல்யாணம் கட்டின நாள்ல இருந்து பகல் சோத்தை அந்தப் படியிலதான் வச்சுட்டு வாறேன். மழைன்னாலும் படிதான்."

இராக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை காலமும் அந்தக் கதவு தோட்டத்துக்காரிக்குத்தான் மூடியது என்று அவள் எண்ணியிருந்தாள். மேனேஜர் பெண்டாட்டி உள்ளே ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து, முகம் தெரியாத ஒருத்தியின் மேல் பொறாமைகூடப் பட்டிருக்கிறாள். அவளும் அதே படிக்குக் கீழே நின்றவள்தான். வேறு வேறு நேரத்தில் நின்றதால் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை, அவ்வளவுதான். இராக்கம்மா எழுந்துபோய் அவள் கிளாஸில் வாட்டிய அன்னாசித் துண்டு ஒன்றைப் போட்டாள்.

தயானி அதைக் கடித்துக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். "அடுத்த சனிக்கிழமை நானும் அக்காவும் கடைக்கு வாறோம். ஜன்னலோரத்துல நாக்காலி போட்டு வைங்க."

"என்னா வெளையாட்டு இது? அங்க வர்ற ஆளுங்க என்னா சொல்வாங்க? மொதலாளி பதுளையில இருக்காரு. அவருகிட்ட கேக்கணும்."

"கேளுங்க. கேட்டுட்டு வந்து சோத்துல கை வைங்க."

அந்த வாரம் முழுக்க இராக்கம்மாவுக்குக் கொழுந்தில் கை ஓடவில்லை. நடக்குமா, நடக்காதா? நடக்காவிட்டால் எல்லயும் பண்டாரவளையும் சுற்றியதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. வெளியூரில் ஆயிரம் நாற்காலியில் உட்காரலாம். அவளை நிற்க வைத்த ஊரில் ஒன்றில் உட்கார வேண்டும். வியாழக்கிழமை தயானியிடமிருந்து மதுஷாவின் போனுக்குச் செய்தி வந்தது. மொதலாளிக்கு இரண்டு நாற்காலி பெரிய விஷயமாகத் தெரியவில்லையாம், குடும்பத்தோடு வருகிறவர்கள் வரட்டும் என்றாராம். இவ்வளவு காலமும் அந்த வழக்கத்தைக் காத்துக்கொண்டிருந்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. இராக்கம்மா திருவிழாச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பாரின் படிக்குக் கீழே வந்ததும் தம்பையா நின்றுவிட்டான்.

"நீ போ. நான் இங்க நிக்கிறேன்."

"எதுக்குங்க? மழை ஊத்துது."

"ஊத்தட்டும். உனக்கும் ஊத்துச்சு தானே." அவன் குடையை விரித்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அன்னைக்கு அவனுங்க கூடச் சேந்து நானும் சிரிச்சேன்."

இவன் மறந்துவிட்டான் என்றுதான் இராக்கம்மா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சேலை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். தயானி கதவருகே காத்திருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே போனார்கள்.

பேச்சு அடங்கிப்போனது. தெரிந்த முகங்கள், பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், ஒருவன் பீடியை மேசைக்கடியில் ஒளித்தான். இராக்கம்மா யாரையும் பார்க்காமல் நேரே ஜன்னலோரம் நடந்து, அந்த நாற்காலியை இழுத்து, சேலையைச் சரிசெய்து உட்கார்ந்தாள். சாதாரணப் பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் கொஞ்சம் ஆடியது. அவளுக்கு அது போதும்.

கிருஷ்ணராஜ் தட்டில் இரண்டு கிளாஸோடு தானே வந்தான். வேலையாளை அனுப்பவில்லை. "பெரட்டு போட்டுப் பாத்தேங்கக்கா. நீங்கதான் சொல்லணும்," என்று மேசைமேல் வைத்தான்.

இராக்கம்மா விரலைத் தொட்டு முதல் சொட்டைத் தரையில் தெறித்தாள். இங்கே யாரும் பூச்சி என்று நினைக்கவில்லை. மூலையில் இருந்த ஒரு ஆள் தன்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் ஒரு வாய் குடித்து, நாக்கில் உருட்டி, விழுங்கினாள்.

"இஞ்சி பத்தாது. ஆனா தப்பில்ல," என்றாள். கிருஷ்ணராஜ் மூச்சு விட்டான். தயானி சத்தமாகச் சிரித்தாள். மெல்ல மெல்லப் பாரில் பேச்சு திரும்பியது.

அந்தக் கிளாஸை ஒரு மணிநேரம் வைத்துக் குடிக்க வேண்டும் என்றுதான் இராக்கம்மா வந்திருந்தாள். மனது நிறைந்திருந்தது. பெருமை என்று சொல்ல அவளுக்கு வெட்கமில்லை, பெருமையாகத்தான் இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். தெருவோரம், அவள் அன்றெல்லாம் நின்ற அதே இடத்தில், தம்பையா குடை பிடித்துக்கொண்டு நின்றான். கம்பி வளைந்த அந்தக் குடையில் ஒரு பக்கத் தோள் நனைந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் அவனை வேடிக்கை பார்த்தார்கள். அவன் தலையைக் குனியவுமில்லை, நகரவுமில்லை.

கிளாஸ் பாதியாகியிருந்தது. இராக்கம்மா எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவை அகலத் திறந்து, மேல்படியில் நின்றாள். பிறகு எதிர்மலைக்குக் கேட்கும் அந்தக் குரலை எடுத்தாள்.

"ஏங்க, உள்ள வாங்க!"

பஸ் நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தம்பையா குடையை மடக்கிக்கொண்டு படியேறினான்.